கல்லில் பதிந்த பன்னமும் கல்முனைக் கரையோரச் சுவரும்: அலங்காரம், ஆதாரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தொன்மையான பொருளொன்று அலங்காரப் பொருளாக மாறும்போது அதன் வரலாறு என்னவாகிறது என்னும் வினாவைக் கலை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் சிற்பம், நாணயம், ஓலைச்சுவடி ஆகியவற்றை மனங்கொண்டே எழுப்பிவந்துள்ளனர். மனிதன் தோன்றுவதற்குப் பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் சேற்றிற் புதைந்து கல்லோடு கல்லாகிய ஓர் இலையைக் குறித்தும் அதே வினாவை எழுப்புதல் கூடும். அவ்வாறு எழுப்புவது வீண்முயற்சியன்று என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பன்னச் சுவடு தாங்கிய கற்பலகைகள் இன்று உலகச் சந்தையிற் சுவரணிகளாக விற்கப்படுகின்றன. கரிய மாக்கல்லின் மேல் வெண்ணிற இலைகள் பரந்து தோன்றும் பென்சில்வேனியா மாநிலத்துக் கற்கள் அவற்றுட் பெயர்பெற்றவை. சட்டமிட்ட கற்பலகைகளாகவும், அவற்றின் வார்ப்புகளாகவும், அச்சுப் படங்களாகவும் இவை வரவேற்பறைகளையும் அலுவலகங்களையும் அணிசெய்கின்றன.

அம்பாறை மாவட்டக் கரையோரத்தை இவ்வாராய்ச்சிக்கு நிலைக்களனாகக் கொள்வதற்கு இரு காரணங்கள் உள. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் முஸ்லிம் ஊர்கள், இலையையும் கொடியையும் சுவரணியாகக் கொள்ளும் நெடியதொரு கலைமரபின் வாரிசுகள் என்பது முதலாவது காரணம். இக்கரையோரத்தின் சொந்தப் பாறைகளிற் பன்னச் சுவடு கிடைப்பதற்கில்லை என்பது இரண்டாவது காரணம். ஆகவே இங்குள்ள சுவரொன்றில் அத்தகைய கல் தொங்குமாயின் அது வேறிடத்திலிருந்து வந்ததேயாம். 'எங்கிருந்து வந்தது?' என்னும் கேள்வியைத் தவிர்த்து அக்கல்லைப் பார்த்தல் இயலாது. அக்கேள்வியே வரலாற்றின் முதற்கேள்வியுமாகும்.

பன்னமும் சுவடும்

'பன்னம்' என்னும் சொல் பொதுவில் இலையைக் குறிப்பது. முனிவரின் இலைக்குடிலைப் 'பன்னசாலை' என வழங்கியமை இதற்குச் சான்று. ஈழத்துப் பாடநூல்கள் பூவாது, காய்க்காது, வித்திகளால் இனம்பெருக்கும் தாவரத் தொகுதிக்கு இச்சொல்லையே பெயராக வரித்துக்கொண்டன. அவ்வாறே, புதைந்து கல்லாகிய உயிரினத்தின் எச்சத்துக்கு 'உயிர்ச்சுவடு' என்னும் சொல் நிலைபெற்றது. பொருத்தமான பெயர்களே இவை.

உதிர்ந்த இலை வழமையாக அழுகி மறைந்துவிடும். ஆற்று வண்டலோ ஏரிச் சேறோ அதனை விரைந்து மூடி, காற்றுப் புகாவண்ணம் காத்தாலன்றி அது எஞ்சுவதில்லை. மேன்மேலும் படியும் அடையல்களின் பாரத்தால் சேறு மாக்கல்லாக இறுகும்போது, இலையின் பொருள் மெல்லிய காபன் படலமாக எஞ்சுவதுண்டு. பொருள் முற்றாக அழிந்து நரம்பமைப்பின் பதிவு மாத்திரம் எஞ்சுவதுமுண்டு. பென்சில்வேனியாக் கற்களில் இலைப் பொருளின் இடத்தை முதலில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனியமும், பின்னர் வெண்ணிறக் கனியமொன்றும் பற்றிக்கொண்டன. அதனாலேயே ஏறத்தாழ 300 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட இலைகள் இன்று சுண்ணாம்பால் வரைந்தவை போற் காட்சி தருகின்றன.

இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். கல்லில் இருப்பது ஓர் இலை மாத்திரமன்று. அக்கல் எந்தப் படையிலிருந்து எடுக்கப்பட்டது, அப்படைக்கு மேலும் கீழும் யாவை இருந்தன, அதனோடு வேறெவை கிடந்தன என்னும் தொடர்புகள் அனைத்தும் சேர்ந்தே அதனை ஆதாரமாக்குகின்றன. இத்தொடர்புகள் அறுந்த கல் அழகிய இலையாக எஞ்சுமேயன்றிக் காலத்தைப் பற்றி எதனையும் உறுதியாகக் கூறமாட்டாது.

சுரங்கத்துக் கூரையும் மாளிகைச் சுவரும்

பன்னச் சுவட்டை அலங்காரமாகக் காணும் பார்வை ஐரோப்பாவில் வளர்ந்த வரலாறு, அங்கு நிலக்கரிச் சுரங்கத் தொழில் வளர்ந்த வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரைச் சேர்ந்த ஷொய்க்சர் 1709இல் கல்லிலைகளின் படங்களைத் தொகுத்து நூலாக்கியபோது, அவற்றை நோவா காலத்துப் பெருவெள்ளத்தின் எச்சங்களாகவே கொண்டார். 1828இல் பிரான்சின் புரோஞ்ஞியார் கல்லான தாவரங்களை முறைப்படி வகைப்படுத்திய பின்னரே அவை காலக்கணிப்புக்குரிய சான்றுகளாகத் தலைப்பட்டன.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் புவியியலாளர் வில்லியம் பக்லண்ட் 1836இல் வெளியிட்ட நூலில் பொகீமியா நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களை வருணிக்கிறார். சுரங்கக் கூரையெங்கும் படர்ந்து கிடந்த பன்னச் சுவடுகளின் செழுமைக்கு இத்தாலிய மாளிகைகளின் ஓவியக் கூரைகளும் ஈடாகா என்பது அவரது கருத்து. பன்னச் சுவட்டைச் சுவரோவியத்தோடு ஒப்பிட்ட முக்கியமான எழுத்துக்களுள் இது ஒன்று. ஆயின், அக்காலச் சுரங்கக் கூரைகளின் கீழ் யார் இருந்தனர் என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். பிரித்தானியச் சுரங்கங்களில் நிலத்தடியிற் பெண்களும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களும் வேலை செய்வது 1842ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே தடைசெய்யப்பட்டது. பக்லண்டின் நூல் வெளிவந்த ஆண்டில் அச்சட்டம் இல்லை. அறிஞர் அண்ணாந்து நோக்கி வியந்த அத்தகைய கூரைகளின் கீழ், குழந்தைகள் கரிவண்டி தள்ளிக்கொண்டிருந்தனர். அழகைக் காணும் ஓய்வு ஒரு வகுப்பாருக்கும் அதனை வெளிக்கொணரும் உழைப்பு மற்றொரு வகுப்பாருக்கும் உரியதாயிருந்தமை, இச்சுவரணியின் தோற்றத்திலேயே பதிந்துள்ள உண்மையாகும்.

1850களிற் பிரித்தானிய நடுத்தர வகுப்பாரிடையே பன்ன மோகம் உச்சநிலை எய்தியது. அம்மோகத்துக்கு எழுத்தாளர் சாள்ஸ் கிங்ஸ்லி 1855இல் ஒரு பெயரே சூட்டினார். அதே ஆண்டில் ஹென்றி பிராட்பரி, உண்மை இலைகளை ஈயத் தகட்டில் அழுத்தி, அப்பதிவிலிருந்து அச்சிட்ட பிரித்தானியப் பன்னங்களின் பெருநூலை வெளியிட்டார். சேற்றில் இயற்கை செய்ததை ஈயத்தில் மனிதன் செய்த முறை அது. மட்பாண்டம், திரைச்சீலை, வார்ப்பிரும்பு வேலி, கல்லறைக்கல் ஆகிய யாவற்றிலும் பன்ன இலை இடம்பெற்றது.

இம்மோகம் இலங்கையைத் தீண்டாது போகவில்லை. இலண்டன் மருத்துவரான நதானியேல் வார்ட் 1829ஆம் ஆண்டளவில் மூடிய புட்டியொன்றில் தற்செயலாகப் பன்னம் முளைத்திருப்பதைக் கண்டார். அதன் வழியாக அவர் அமைத்த கண்ணாடிப் பெட்டி இரு பணிகளுக்குப் பயன்பட்டது. வீட்டுக் கூடங்களில் அது பன்னங்களை அணிசெய்து வைக்கும் பெட்டியாயிற்று. கப்பற் தளங்களில் அது பேரரசின் பயிர்களைக் கண்டம் விட்டுக் கண்டம் கடத்தும் பெட்டியாயிற்று. 1876இல் இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்து சேர்ந்தது இத்தகைய பெட்டிகளிலேயே. அதற்கு முன்னரே, 1830கள் தொட்டு, தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பினால் மலையகக் காடுகள் கோப்பித் தோட்டங்களாக்கப்பட்டிருந்தன. மரப்பன்னங்கள் செறிந்த காடு அழிந்துகொண்டிருக்கையில், பன்ன இலைகள் செருகேடுகளில் அழகுற ஒட்டப்பட்டுக்கொண்டிருந்தன. கூடத்து அலங்காரமும் குடியேற்றப் பொருளாதாரமும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கியிருந்தன எனின் அது மிகையாகாது.

முஸ்லிம் கலைமரபிற் கல்லும் இலையும்

மேற்கூறியவற்றைக் கொண்டு, கல்லான இலையை நோக்கும் பார்வை ஐரோப்பியருக்கே உரியதெனக் கருதுவது பிழையாகும். இப்னு சீனா (980-1037) தமது பெருநூலாகிய 'கிதாபுஷ் ஷிபா'வில், தாவரங்களும் விலங்குகளும் கல்லாகும் விதத்தை ஆராய்ந்தார். சில நிலப்பகுதிகளிற் கல்லாக்கும் கனிய ஆற்றல் உண்டென்றும், மலைகள் நீண்டகால நீரரிப்பினாலும் உருப்பெறுகின்றன என்றும் அவர் விளக்கினார். அந்நூலின் கனியவியற் பகுதி 1200ஆம் ஆண்டளவில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் நெடுங்காலம் அரிஸ்டோட்டிலின் எழுத்தாகவே பயிலப்பட்டது. பெயரும் ஊரும் நீங்கிய நூலுக்கு நேர்ந்த கதி, பெயரும் ஊரும் நீங்கிய கல்லுக்கு நேரும் கதியை ஒத்தது. இப்னு சீனாவின் சமகாலத்தவரான அல்பிரூனி, மலையருகே பெருங்கற்களும் கடலருகே நுண்மணலும் கிடப்பதைக் கண்டு, வட இந்தியச் சமவெளி ஒருகாலத்திற் கடலாயிருந்து வண்டலால் நிரம்பியது என முடிவுகொண்டார்.

சுவரணியின் வரலாற்றிலும் இம்மரபின் பங்கு பெரிது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டிமுடிக்கப்பட்ட திமஷ்கு நகரத்துப் பெரிய பள்ளிவாசலின் சுவர்களில் மரங்களும் ஆறுகளும் மாளிகைகளும் வண்ணக்கல் பதித்துத் தீட்டப்பட்டுள்ளன. மனித உருவோ விலங்குருவோ அங்கு இல்லை. 9ஆம் நூற்றாண்டில் அப்பாசியர் தலைநகராகிய சமர்ராவின் சுவர்களிற் சுதையால் அமைந்த இலைக்கொடிகள், இயற்கை இலையினின்று படிப்படியாக விலகி முடிவற்ற கோலங்களாக மாறின. உருவத்தைத் தவிர்த்த வழிபாட்டிடத்தில் எழுத்தும் கணிதக் கோலமும் இலைக்கொடியுமே சுவரின் மூவகை அணிகளாயின.

கல்முனைக் கரையோரத்திற்கு இம்மரபு எளிய வடிவிலேயே வந்து சேர்ந்தது. மண்சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட முற்கால வீட்டில் நிலையான சுவரணிக்கு இடம் குறைவு. கலையுணர்வு வெளிப்பட்டது பெரும்பாலும் பெண்கள் இழைத்த பன்பாயிலும், மருதமுனைத் தறிகளில் நெய்யப்பட்ட துணியிலுமே. 1970களின் பிற்பகுதியிலிருந்து பெருகிய மத்திய கிழக்கு வேலைவாய்ப்பும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிந்திய மீள்கட்டுமானமும் சீமெந்துச் சுவரைப் பொதுவாக்கின. வெறுமையான பெரிய சுவர் தோன்றிய பின்னரே அதில் எதனை வைப்பது என்னும் தேர்வும் தோன்றுகிறது. திருவசன எழுத்தணிக்கு அருகே உருவமற்ற இலைவடிவம் இயல்பாகவே இடம்பெறும். கல்லான பன்னம் அத்தேர்வுக்கு மிகவும் இசைவானது: அது இலை; அது மனிதன் வரைந்ததுமன்று. ஆகவே இச்சுவருக்கு அக்கல் அந்நியமானதன்று. அதன் பிறப்பிடம் அறியப்படாமையே குறை.

இலங்கையின் பன்னச் சுவடுகள்

இனி, அம்பாறைக் கரையோரத்துப் பாறைகளில் இச்சுவடுகள் ஏன் இல்லை என்பதை நோக்குவோம். கரையோர மணலுக்கும் வயல்களின் வண்டலுக்கும் அடியில் இருப்பவை புவியியலாளர் விஜயன் தொகுதி என வழங்கும் உருமாறிய பாறைகள். இவற்றின் மூலப்பாறைகள் ஆயிரம் மில்லியன் ஆண்டுகள் என்னும் அளவினதான பழைமை உடையவை. 500 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்னர், புவியின் ஆழத்திற் கடும் வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்பட்டு அவை இன்றைய உருவைப் பெற்றன. தரைத்தாவரங்கள் தோன்றியது அதன் பின்னரே. பன்னம் பிறக்குமுன் வெந்து இறுகிய கல்லிற் பன்னத்தைத் தேடுதல் வீண். இலங்கைத் தீவின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட பகுதி இத்தகைய தொல்பாறைகளால் ஆனதே.

விதிவிலக்கு, தீவின் வடமேற்கிற் புத்தளத்துக்குக் கிழக்கே தப்போவைக் குளத்தை அடுத்தும், சிலாபத்துக்கு உள்நாட்டே ஆண்டிகமவிலும் உள்ளது. அங்கு பழம்பாறைகள் பிளந்து தாழ்ந்த பள்ளங்களில் மணற்கல்லும் மாக்கல்லும் சிறு அளவிற் காக்கப்பட்டுள்ளன. இவை யுராசிக் காலத்தவை. அதாவது ஏறத்தாழ 200 மில்லியன் ஆண்டுகளுக்கும் 145 மில்லியன் ஆண்டுகளுக்கும் இடைப்பட்டவை. கனிப்பொருள் அளவீட்டுப் பணியில் இலங்கையில் இருந்த இ. ஜே. வேலண்ட் தப்போவைப் படைகளை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அங்கு கிடைத்த தாவரச் சுவடுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஏ. சி. சூவர்ட், ஆர். ஈ. ஹோல்ட்டம் ஆகிய இருவரும் ஆராய்ந்து 1922இல் வெளியிட்டனர். கிளடோபிளெபிஸ் என்னும் பன்ன இலைகளும், ஊசியிலை மரங்களின் உறவினங்களும் அத்தொகுதியிற் காணப்பட்டன. இந்நாட்டின் உண்மையான பன்னச் சுவடுகள் இவையே.

இவற்றை ஆராய்ந்தோரின் பிற பணிகளையும் சேர்த்து நோக்கினால், புத்தளத்துச் சிறு கல்லொன்றின் தொடர்பு எத்துணை விரிந்தது என்பது புலனாகும். தென்துருவத்திலிருந்து திரும்புகையில் 1912இல் மாண்ட கப்டன் ஸ்கொட் குழுவினரின் உடல்களோடு ஏறத்தாழ 16 கிலோகிராம் கற்கள் மீட்கப்பட்டன. உணவும் உடல்வலிமையும் அற்ற நிலையிலும் அவர்கள் அக்கற்களை எறிந்துவிடவில்லை. அவற்றில் இருந்த குளோசொப்தெரிஸ் இலைகளை அடையாளங் கண்டு 1914இல் வெளியிட்டவரும் சூவர்ட்டே. இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் கிடைத்த அதே இலை அந்தாட்டிக்காவிலும் கிடைத்தமை, இந்நிலங்கள் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்தன என்னும் கொள்கைக்கு வலுவூட்டியது. அப்பெருநிலத்துக்கு ஒஸ்திரிய அறிஞர் சூவெஸ் இட்ட பெயர் கொண்டுவானாலாந்து. கொண்டு மக்களின் நாடு என்னும் இந்தியப் பெயரிலிருந்து பிறந்தது அது. தப்போவைச் சுவடுகள் குளோசொப்தெரிசின் காலத்துக்குப் பிந்தியவை. சென்னைக்கு அருகேயுள்ள திருப்பெரும்புதூரின் தாவரச் சுவடுகளோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கவை. பாக்குநீரிணை தோன்றுமுன் இரு கரைகளிலும் ஒரே வகைக் காடுகள் நின்றமைக்கு அவை சாட்சி.

சூவர்ட்டின் மாணவரான பீர்பல் சஹ்னி லக்னோவில் தொல்தாவரவியல் நிறுவனமொன்றை நிறுவினார். அதன் அடிக்கல்லைச் சவகர்லால் நேரு 1949 ஏப்ரல் 3ஆம் நாள் நாட்டினார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 10ஆம் நாள், சஹ்னி காலமானார். அவ்வடிக்கல் சாதாரணக் கல்லன்று. உலகின் பல பகுதிகளிலிருந்தும் பெற்ற உயிர்ச்சுவடுகளைப் பதித்துச் சஹ்னி அதனை அமைத்திருந்தார். உயிர்ச்சுவடு கட்டடத்தின் அணியாவதற்கு நம் பிரதேசத்தில் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அங்கு அழகும் அறிவும் ஒன்றையொன்று விலக்கவில்லை. அணியாகப் பதிந்த கல் அதனை ஆராயும் நிறுவனத்தின் அடியிலேயே கிடந்தது.

இத்தொடர்பில் ஆனந்த குமாரசுவாமியையும் நினைவுகூர்தல் தகும். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவீட்டின் முதற் பணிப்பாளராக இருந்த அவர், 1908இல் வெளியிட்டது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலை. இலைக்கொடி முதலிய அணிவடிவங்களை, அவற்றைச் செய்த கம்மாளரின் வாழ்வோடும் ஊரோடும் சேர்த்து அந்நூல் ஆராய்கிறது. கல்லைப் படையோடு சேர்த்து ஆராய்ந்து பழகியவர் கலையையும் அவ்வாறே ஆராய்ந்தார் எனக் கொள்ள இடமுண்டு.

பொய்ப் பன்னங்கள்

பிறப்பிடம் அறியாத கல்லைச் சுவரில் ஏற்றுவதால் விளையும் குழப்பங்கள் மூவகைப்படும்.

முதலாவது, தாவரமே அல்லாதது பன்னமெனக் கொள்ளப்படுதல். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் மங்கனீசு கலந்த நீர் ஊறிப் படியும்போது கரிய கிளைவடிவங்கள் தோன்றும். காண்போர் அவற்றைப் பன்ன இலையென்றே சாதிப்பர். ஆயின் அவற்றில் நடுநரம்பும் இல்லை. சிற்றிலைகளின் ஒழுங்கும் இல்லை. அவை கனியத்தின் வளர்ச்சியே.

இரண்டாவது, பன்னம் அல்லாத தாவரம் பன்னமெனப்படுதல். நிலக்கரிக் காலத்துப் 'பன்ன' இலைகளுட் பல உண்மையில் வித்துத் தாங்கிய வேறொரு தாவரக் குலத்தைச் சார்ந்தவை என்பதை 1903இல் ஒலிவர், ஸ்கொட் என்னும் பிரித்தானிய அறிஞர் இருவர் நிறுவினர். இன்று சுவரணியாக விலைபோகும் பென்சில்வேனியா இலைகளுட் பலவும் அக்குலத்தவையே. குளோசொப்தெரிசும் நெடுங்காலம் பன்னமென்றே கருதப்பட்டது. அதன் இனப்பெருக்க உறுப்புகள் இலையோடு இணைந்திருப்பதை 1952இல் தென்னாபிரிக்காவின் எட்னா பிளம்ஸ்ரெட் எடுத்துக்காட்டிய பின்னரே அக்கருத்து மாறியது.

மூன்றாவது, வார்ப்பு மூலமாகக் கொள்ளப்படுதல். வார்ப்பை வார்ப்பென்று கூறி வைப்பதில் இழுக்கில்லை. மூலக்கல் படையோடு பாதுகாக்கப்பட, அதன் வார்ப்பு பள்ளிக்கூடச் சுவரில் இருப்பதே பல வேளைகளில் நன்று. கூறாது வைப்பதே பிழை.

இம்மூன்று குழப்பங்களையும் தீர்க்க வல்லவை கண்ணுக்கினிய கல்லன்று. அதன் அருகே இருக்கவேண்டிய ஐந்து சொற்களே: எடுத்த இடம், எடுத்த படை, எடுத்த நாள், எடுத்தவர், இனங்கண்டவர். ஸ்கொட் குழுவினரின் கற்கள் சான்றாயினமைக்கு அவற்றை எடுத்த இடம் அறியப்பட்டிருந்தமையே காரணம். அவை பெயரற்ற கற்களாயிருந்தால் அத்துணை துன்பத்தோடு இழுத்துவரப்பட்ட பாரம் வெறும் பாரமாகவே முடிந்திருக்கும்.

முடிவுரை

கல்லைப் பற்றிய இவ்வாராய்ச்சி வரலாற்று மாணவருக்கு உணர்த்துவது யாது? பிறப்பிடம் அற்ற தொன்மை அலங்காரமேயன்றி ஆதாரமன்று என்பதே. இது கல்லுக்கு மாத்திரம் பொருந்தும் விதியன்று.

கிழக்கிலங்கையில் தொன்மை என்பது நிலவுரிமையோடும் அரசியலோடும் பிணைந்த சொல்லாகிவிட்டது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், 1961இல் அம்பாறை தனி மாவட்டமானமையும், பின்னர் நிகழ்ந்த இனப்போரும் இப்பிணைப்பை இறுக்கின. ஒவ்வொரு சமூகமும் தான் முந்தியவன் என நாட்ட முயல்கையில், தொன்மை சுவரில் மாட்டும் படமாகிவிடுகிறது: பார்ப்பதற்குப் பெருமிதம் தரும், எங்கிருந்து வந்ததென வினவினால் விடை தராது. புத்தளத்துப் பன்னமோ விஜயன் பாறையோ எச்சமூகத்துக்கும் நில உறுதி எழுதித் தருவதில்லை. அவற்றின் காலக்கணக்கில் நம் எல்லோருடைய வருகையும் நேற்றையதே. அதனை உணர்தல் உரிமைகளை மறுப்பதாகாது. உரிமைகளைப் பழைமைப் பெருமையின் மேலன்றி, உழைப்பின் மேலும் வாழ்வின் மேலும் நீதியின் மேலும் நிறுவ வேண்டும் என்பதையே அது வற்புறுத்துகிறது.

கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் வரலாற்றுக்கு வேண்டிய மூலங்கள் பல இன்னும் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் முதியோரின் நினைவிலும் உள்ளன. தாய்வழிக் குடிகளின் பெயர்கள், குடிதோறும் தெரிவான மரைக்காயர் பற்றிய செய்திகள், காணி உறுதிகள், பள்ளிக் கணக்கேடுகள், நெசவுக் கோலங்கள் ஆகியன அவை. 2004இல் கடல் மருதமுனை முதற் சாய்ந்தமருது வரையுள்ள கரையோர வீடுகளைச் சுவரோடு கொண்டுசென்றபோது, அவற்றினுள் இருந்த கடதாசிகளும் சென்றன. எஞ்சியவற்றைப் பழம்பொருள் என்று கண்ணாடிக்குள் அழகுற வைப்பதோடு நில்லாது, யாரிடமிருந்து, எவ்வூரில், எந்நாளிற் பெறப்பட்டன என எழுதிவைத்தல் வேண்டும். சேறு விரைந்து மூடிய இலையே எஞ்சியது. காலந்தாழ்த்தினால் அழுகல் முந்திவிடும்.

இவ்விடயத்திற் பாடசாலைகளும், 1990களில் ஒலுவிலில் உருவான தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஆற்றத்தக்க பணி பெரிது. தப்போவைச் சுவடொன்றின் வார்ப்பு, வார்ப்பு என்னும் குறிப்போடும் மேற்கூறிய ஐந்து சொற்களோடும் கல்முனைப் பாடசாலையொன்றின் சுவரில் வைக்கப்படுமாயின், மாணவர் முதலில் அதன் அழகைக் காண்பர். பின்னர் அருகேயுள்ள எழுத்தைப் படிப்பர். தம் வீட்டிலுள்ள பழைய பாயையும் கணக்கேட்டையும் குறித்து அதே ஐந்து கேள்விகளை அவர்கள் கேட்கத் தொடங்கும்போது, அச்சுவரணி தன் பணியைச் செய்ததாகக் கொள்ளலாம்.